62 வரியில் ஓர் ஊர்: குடிபோகலாமா என்று சொல்லும் எக்செல் ஷீட், 14 மாதம் கழித்து

முதலில் மார்க்கைச் சொல்லிவிடுகிறேன். ஐந்துக்கு மூன்று. அதில் இரண்டு, 'பணம்' ஷீட்டுக்கு. மீதி ஒன்று, இது இல்லாவிட்டால் அம்மா என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கவே மாட்டார் என்பதற்காக.

வேலைக்காக வேறு நகரத்துக்குக் குடிபோகலாமா, இருக்கிற இடத்திலேயே இருந்துவிடலாமா என்று தூக்கம் கெட்டுக் கிடப்பவர்களுக்கென்று இணையத்தில் விற்கிற எக்செல் டெம்ப்ளேட் இது. மொத்தம் மூன்று ஷீட்: 'ஒப்பீடு', 'பணம்', 'சாமான்'. விற்பவர் பெயரைப் போடவில்லை. இலவசமாகக் கிடைக்கிற வேறு இரண்டையும் இறக்கிப் பார்த்தேன். கலர்தான் வேறு, எலும்புக்கூடு ஒன்றுதான். அதனால் நான் சொல்லப்போவது யார் விற்றதை வாங்கினாலும் ஏறக்குறையப் பொருந்தும்.

வாங்கிய அன்றைக்கே பலர் ஐந்து நட்சத்திரம் போட்டுவிடுகிறார்கள். மழைக்கோட்டை வெயில் நாளில் வாங்கி மாட்டிப் பார்த்துவிட்டு, 'ஒரு சொட்டுக்கூட நனையவில்லை' என்று எழுதுவது மாதிரி. நான் வாங்கி, நிரப்பி, ஊர் மாறி, 14 மாதம் குடித்தனம் நடத்திவிட்டு, போன வாரம் பழைய ஃபைலைத் திறந்து ஒவ்வொரு வரியாக டிக் அடித்துப் பார்த்த பிறகு எழுதுகிறேன்.

கணக்கு எழுதிப் பிழைப்பவள் நான், 17 வருடமாக. கம்பெனியின் பெரிய கிளையில் கணக்குப் பிரிவுக்குப் பொறுப்பாக வரச் சொன்னார்கள். சம்பளம் 30 சதவீதம் கூடும். ரயிலில் ஏழு மணி நேரத் தூரம். பதில் சொல்ல 15 நாள். வீட்டுக்காரர் ஆன்லைனில் வேதியியல் பாடம் எடுக்கிறவர், இணையம் இருக்கிற இடமெல்லாம் அவருக்கு வகுப்பறை. மகளுக்கு அப்போது 13 வயது, எதைச் சொன்னாலும் முதல் பதில் 'முடியாது'. அம்மா அடுத்த தெருவில் தனியாக இருந்தார்.

'ஒப்பீடு' ஷீட் வேலை செய்யும் விதம் எளிது. 62 வரி. ஒவ்வொன்றுக்கும் அது நமக்கு எவ்வளவு முக்கியம் என்று ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஒரு நம்பர். பிறகு 'இங்கே' எவ்வளவு, 'அங்கே' எவ்வளவு என்று இன்னும் இரண்டு நம்பர். பெருக்கிக் கூட்டி அடியில் மொத்தம் காட்டும். 'அங்கே' ஒரு பாயிண்ட் கூடுதலாக இருந்தால்கூடப் போதும், கட்டம் பச்சையாகி 'போகலாம்' என்று எழுத்து வரும். இல்லாவிட்டால் சிவப்பு. நடுவில் மஞ்சள் கிடையாது. இதை ஒரு குறையாகவே எழுதிக்கொள்ளுங்கள்.

ராத்திரி 11 மணிக்கு உட்கார்ந்து நிரப்பினேன். அங்கே 611, இங்கே 548. பச்சை. அதைப் பார்த்ததும் மனசுக்குள் ஒரு பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. யாரோ நமக்காக முடிவெடுத்துவிட்டார்கள் என்கிற சுகம். இந்தச் சுகத்துக்குத்தான் காசு வாங்குகிறார்கள் என்று பிறகுதான் உறைத்தது.

மறுநாள் காலையில் அம்மா வந்தபோது லேப்டாப் திறந்தே கிடந்தது. 31 வருடம் பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்தவர். கட்டம் போட்டு உள்ளே நம்பர் இருந்தால் அது அவருக்கு மார்க் ஷீட்தான். கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"இதுல நான் எங்கே இருக்கேன்?"

"கடைசியிலம்மா. அம்பத்தொம்பதாவது வரி. 'பெற்றோர் அருகில்'னு இருக்கும் பாரு."

திரையில் விரலை வைத்துத் தேய்த்துக்கொண்டே இறங்கினார்.

"எனக்கு நாலா?"

"அஞ்சுக்கு நாலும்மா. நல்ல மார்க்தானே."

அம்மா ஒன்றும் சொல்லாமல் மேலே போனார். 14வது வரியில் விரல் நின்றது. "க்ளைமேட்டுக்கு அஞ்சு போட்டிருக்கே."

குத்திக்காட்டுகிற குரல் இல்லை. விடைத்தாள் திருத்தும்போது கூட்டல் சரிபார்க்கிற குரல். அதுதான் எனக்குச் சுருக்கென்றது. அவர் எழுந்து உள்ளே போனதும் அவசரமாக நாலை அழித்து ஐந்து போட்டேன். போட்டுவிட்டு, தொழில் பழக்கம், அடியில் மொத்தத்தைப் பார்த்தேன். 611, 548. அசையவில்லை.

ஒரு நம்பரை மாற்றினால் மொத்தம் மாற வேண்டும். மாறவில்லையென்றால் அந்த நம்பர் மொத்தத்தில் இல்லை. மொத்தம் இருந்த செல்லைக் கிளிக் செய்து ஃபார்முலாவைப் பார்த்தேன். 58வது வரியோடு கூட்டல் நின்றுபோயிருந்தது. 59, 60, 61, 62 நான்கும் ஷீட்டில் இருக்கின்றன, நிறம் மாறுகின்றன, மொத்தத்தில் மட்டும் சேரவில்லை. அந்த நான்கு எவை என்று சொல்கிறேன். பெற்றோர் அருகில். பழகிய டாக்டர். அவசரத்துக்கு ஓடி வர ஆள். மனசுக்குப் பிடித்த இடங்கள்.

எப்படி நடந்திருக்கும் என்பது எக்செல்லில் புழங்குகிற யாருக்கும் தெரியும். கூட்டுகிற வரிகளுக்கு நடுவில் புதிதாக ஒரு வரியை நுழைத்தால் ஃபார்முலா தானே நீண்டு அதையும் சேர்த்துக்கொள்ளும். கடைசி வரிக்குக் கீழே ஒட்டினால் தானே சேர்ந்துவிடும் என்று நம்பி ஏமாறக் கூடாது. ஆக, யாரோ 58 வரியை எழுதி, கூட்டலையும் போட்டு முடித்துவிட்டு, அப்புறம் ஞாபகம் வந்து அம்மா அப்பாவைக் கடைசியில் ஒட்டியிருக்கிறார்.

அம்மாவிடம் இதை நான் சொல்லவில்லை. இன்று வரை சொல்லவில்லை.

விற்பவருக்கு மெயில் அனுப்பினேன், படம் எடுத்து, எந்தச் செல், என்ன மாற்ற வேண்டும் என்றெல்லாம் விளக்கமாக. ஒன்பது நாள் கழித்து 'உங்கள் மேலான கருத்துக்கு நன்றி' என்று ஒரு வரி வந்தது. சேவைக்கு மார்க் கேட்டால் பூஜ்யம்.

நானே ஃபார்முலாவைச் சரிசெய்தேன். அங்கே 627, இங்கே 618. 63 பாயிண்ட் வித்தியாசம் ஒன்பதாகச் சுருங்கிவிட்டது. 1,245 பாயிண்டில் ஒன்பது. எங்கள் தொழிலில் இதற்காக யாரும் தலையைச் சொறிய மாட்டார்கள். ஆனால் கட்டம் அதே பச்சைதான், அதே 'போகலாம்'தான்.

பிரீஸ்ட்லி என்கிற அந்தக் காலத்து விஞ்ஞானியை இந்தப் பேச்சுக்குள் இழுத்துக்கொண்டு வந்தவர் வீட்டுக்காரர். வேதியியல் வாத்தியாரோடு குடித்தனம் பண்ணினால் எந்தப் பேச்சும் கடைசியில் ஒரு தனிமத்தில் போய்த்தான் முடியும். "இந்தச் சாதகம் பாதகம்னு ரெண்டு பத்தியாப் பிரிச்சு எழுதற சமாசாரத்தை ஃபிராங்க்ளின் எழுதிக் கொடுத்ததே ஒருத்தர் ஊர் மாறலாமான்னு கேட்டப்பதான்" என்றார். தேடிப் படித்தேன். உண்மைதான்.

1772ல் ஜோசப் பிரீஸ்ட்லி இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்தில் பாதிரியார். ஷெல்பர்ன் பிரபு, தன் நூலகத்தைப் பார்த்துக்கொள்ளவும் பிள்ளைகள் படிப்பைக் கவனிக்கவும் வரச்சொல்லிக் கூப்பிடுகிறார். போவதா வேண்டாமா என்று லண்டனில் இருந்த நண்பர், அமெரிக்க அரசியல்வாதியும் விஞ்ஞானியுமான பெஞ்சமின் ஃபிராங்க்ளினிடம் பிரீஸ்ட்லி கேட்கிறார். செப்டம்பர் 19 தேதியிட்ட பதிலில் ஃபிராங்க்ளின், போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. முடிவெடுப்பது எப்படி என்று மட்டும் எழுதுகிறார். ஒரு தாளை நடுவில் கோடு போட்டுப் பிரி. ஒரு பக்கம் சாதகம், மறுபக்கம் பாதகம். மூன்று நான்கு நாள் தோன்றத் தோன்ற எழுதிக்கொண்டே வா. பிறகு எடை போடு. இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றும் சமமாகத் தெரிந்தால் இரண்டையும் அடி. இங்கே ஒன்று அங்கே இரண்டுக்குச் சமமென்றால் மூன்றையும் அடி. மிச்சம் எந்தப் பக்கம் நிற்கிறதோ பார். அதற்கப்புறமும் ஓரிரு நாள் பொறு, புதிதாக ஒன்றும் தோன்றாவிட்டால் முடிவெடு.

இதைப் படித்தபோதுதான் நான் வாங்கிய டெம்ப்ளேட்டின் அடிப்படைக் கோளாறு புரிந்தது. ஃபிராங்க்ளின் முறையில் வரிகள் குறைந்துகொண்டே போகும். கடைசியில் நாலைந்து மிஞ்சும், அதுதான் உண்மையான சண்டை. டெம்ப்ளேட்டில் வரிகள் கூடிக்கொண்டே போகும், எல்லாம் மொத்தத்தில் கரைந்துவிடும். நாலு நாள் பொறுமையும் அதில் இல்லை. ஒன்றரை மணி நேரத்தில் பச்சை வந்துவிடுகிறது.

நான் அடித்துப் பார்த்தேன். 62ல் மிஞ்சியது ஆறு. அங்கே பக்கத்தில்: நான் ஆசைப்பட்ட வேலை, சம்பளம், மகளுக்குப் பெரிய நூலகமும் நீச்சல் குளமும். இங்கே பக்கத்தில்: அம்மா, அவசரத்துக்கு ஆள், எட்டு நிமிடத்தில் ஆபீஸ்.

பிரீஸ்ட்லி போனார். 1773ல் கால்ன் என்கிற ஊருக்குக் குடிபெயர்ந்தார். அங்கே பிரபுவின் போவுட் மாளிகையில் 1774 ஆகஸ்ட் 1ஆம் தேதி, பெரிய லென்ஸ் வழியாகச் சூரிய ஒளியைக் குவித்துப் பாதரச ஆக்சைடைச் சூடாக்கியபோது வந்த வாயுதான் பின்னால் ஆக்சிஜன் என்று பெயர் வாங்கியது. எவ்வளவு யோசித்து எழுதியிருந்தாலும் 'சாதகம்' பக்கத்தில் அப்படி ஒரு வரி இருந்திருக்க வழியில்லை. பிறகு 1780ல் பர்மிங்ஹாம் போனார். 1791 ஜூலையில் ஒரு கும்பல் அவர் வீட்டையே கொளுத்தியது. 1794ல் கப்பலேறி அமெரிக்கா. அந்தத் தீக்கும் எந்தத் தாளிலும் வரி இருந்திருக்காது.

எனக்கு இதைவிடப் பிடித்தது லீட்ஸ் கதை. அங்கே முதலில் அவர் குடியிருந்த வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு மதுவடிக்கும் ஆலை. நொதிக்கிற தொட்டிகளின் மேலே தேங்கி நிற்கும் வாயுவை வைத்து விளையாட ஆரம்பித்து, அதைத் தண்ணீரில் கரைத்து, 1772ல் அதற்கான முறையையும் அச்சிட்டார். சோடா தண்ணீர் வந்த வழி அது. லீட்ஸ் நகரத்துக்கு ஐந்துக்கு எத்தனை என்று கேட்டால் என்ன பதில் வரும்? அவருக்குக் காரியம் ஆனது நகரத்தால் இல்லை, பக்கத்து வீட்டால்.

டெம்ப்ளேட்டின் ஆகப்பெரிய தப்பு இங்கேதான். அது நகரத்துக்கு நகரம் ஒப்பிடுகிறது. நாம் நகரத்திலா குடியிருக்கிறோம்? ஒரு வீட்டிலும் மூன்று நான்கு வழிகளிலும் குடியிருக்கிறோம். ஆபீஸ் போகிற வழி, பள்ளிக்கூடம் போகிற வழி, சாமான் வாங்கப் போகிற வழி. மீதி நகரம் செய்தியில் வருவதோடு சரி.

அதனால் பக்கத்தில் நானே ஒரு பத்தி சேர்த்தேன்: 'மாதத்துக்கு எத்தனை தடவை'. வாங்குகிற எல்லோரும் வாங்கிய கையோடு இதைச் செய்யுங்கள், கூட்டலைச் சரிபார்த்த பிறகு. விமான நிலையம் அருகில் என்கிற வரிக்கு முக்கியத்துவம் நாலு போட்டிருந்தேன். ஆறு வருடத்தில் இரண்டு தடவை விமானம் ஏறியிருக்கிறோம். அருங்காட்சியகங்கள், மூன்று. இருக்கிற ஊரில் உள்ளதற்கே நான் போனது பள்ளி நாட்களில். ஆபீஸ் போக வர, மாதம் 44 தடவை. அம்மா வீட்டுக்கு நானோ எங்கள் வீட்டுக்கு அவரோ, 25க்குக் குறையாது. தடவைக் கணக்கைப் போட்டதும் பாதி ஷீட் காற்றுப் போன பலூன் மாதிரி தொங்கிவிட்டது.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. வருடத்துக்கு ஒரு தடவை வந்தாலும் வீட்டையே புரட்டிப் போடுகிற வரிகள் இருக்கின்றன. அவற்றைத் தடவையால் பெருக்காமல் சிவப்பு அடித்துத் தனியே வைத்தேன். அதில் ஒன்று பின்னால் வருகிறது.

க்ளைமேட் வரிக்கு ஐந்து போட்டதற்காக அம்மாவிடம் பட்ட வெட்கம் போதாதென்று, அதைப் பற்றி ஓர் ஆய்வும் கண்ணில் பட்டது. 1998ல் டேவிட் ஷ்கேட், டேனியல் கானமன் இருவரும் வெளியிட்டது. அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியிலும் தெற்குக் கலிஃபோர்னியாவிலும் படித்த ஏறக்குறைய 2,000 மாணவர்களைக் கேட்டிருக்கிறார்கள். உன் வாழ்க்கை உனக்கு எவ்வளவு திருப்தி என்றால் இரண்டு இடத்திலும் பதில் ஒன்றுதான். உன்னைப் போன்ற ஒருவர் அந்த இன்னோர் இடத்தில் இருந்தால் எவ்வளவு திருப்தியாக இருப்பார் என்று கேட்டால், இரண்டு பக்கத்தாரும் கலிஃபோர்னியாக்காரர்தான் கூடுதல் சந்தோஷமாக இருப்பார் என்கிறார்கள். இங்கேயும் அங்கேயும் எது வித்தியாசமோ, அந்த மாணவர்களுக்கு அது க்ளைமேட், அதன் மேலேயே கண் போகிறது, அதையே பெரிதாக்கிவிடுகிறோம். இக்கரைக்கு அக்கரை பச்சை என்று நம் பாட்டிகள் மூன்றே வார்த்தையில் முடித்ததுதான். புது ஊரின் க்ளைமேட்டை நான் மூன்றாவது வாரத்திலேயே கவனிப்பதை விட்டுவிட்டேன்.

ஆபீஸ் போகிற வழியை அப்படிப் பழகிக்கொள்ள முடியாது என்பது என் கட்சி. டெம்ப்ளேட் கேட்பது 'அலுவலகத் தூரம் (கிலோமீட்டர்)'. கிலோமீட்டரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? நிமிடம் வேண்டும், அதுவும் காலை 8:40க்கு எத்தனை நிமிடம் என்று வேண்டும். ஸ்டட்சர், ஃப்ரே என்று இரண்டு பொருளாதாரக்காரர்கள் ஜெர்மனியின் பல வருடத் தரவை வைத்து 2008ல் எழுதியிருக்கிறார்கள். தினமும் அதிக நேரம் பயணம் செய்கிறவர்கள் தங்கள் வாழ்க்கையில் திருப்தி குறைவு என்றே சொல்கிறார்களாம். தூரமாகப் போவதற்குக் கூடுதல் சம்பளமோ, குறைந்த வாடகையோ ஈடு கட்டியிருக்க வேண்டும். கட்டவில்லை.

எனவே ஒன்பது நாள் லீவு போட்டு மூன்று பேரும் அங்கே போய்த் தங்கிப் பார்த்தோம். சுற்றிப் பார்க்க இல்லை. செவ்வாய்க்கிழமை காலையில் குளித்து, ஆபீஸ் உடை போட்டு, பையில் லேப்டாப்போடு, இரண்டு வீட்டு வாசலிலிருந்து ஆபீஸ் வாசல் வரைக்கும் போய்க் கடிகாரம் பார்த்தேன். முதல் வீடு பெரியது, வெளிச்சமான பால்கனி, வரைபடம் 25 நிமிடம் என்றது. எனக்கு ஆனது 58. இரண்டாவது வீட்டில் ஓர் அறை குறைவு, சமையலறையில் இரண்டு பேர் நின்றால் ஒருவர் இடுப்பை ஒடுக்க வேண்டும். ஆபீஸுக்கு நடையில் 14 நிமிடம். மகள் முதல் வீட்டில் பால்கனி மூலையைப் பிடித்து வைத்துவிட்டாள். வீட்டுக்காரர் மதில் மேல் பூனை. நான் தடவைப் பத்தியைக் காட்டினேன். பால்கனியில் நாம் எத்தனை தடவை நிற்போம், நான் எத்தனை தடவை ரோட்டில் நிற்பேன்.

இரண்டாவது வீட்டை வைத்து மறுபடி நிரப்பியபோது 'அங்கே' ஜெயித்தது. முதல் வீட்டை வைத்து நிரப்பினால் 'இங்கே'. ஊர் ஒன்றுதான், வேலை ஒன்றுதான், சம்பளம் ஒன்றுதான்.

இப்போது இரண்டு மார்க் வாங்கிய 'பணம்' ஷீட். இதை யார் செய்தாரோ அவர் கணக்குத் தெரிந்தவர். ஒரு தடவைச் செலவு, மாதச் செலவு இரண்டையும் குழப்பாமல் பிரித்திருக்கிறார். அட்வான்ஸைச் செலவில் சேர்க்காமல், முடங்கிக் கிடக்கிற பணம் என்று தனியே காட்டுகிறார். இரண்டு வீட்டுக்கும் சேர்த்து வாடகை கொடுக்க வேண்டிய நாட்களுக்கு ஒரு கட்டம் இருக்கிறது. நிறையப் பேர் கோட்டை விடுகிற இடம் அது. அடியில் ஒரே ஒரு பதில்: குடிபோன செலவை, மாதாமாதம் கூடுதலாக மிஞ்சுகிற பணம் எத்தனை மாதத்தில் அடைக்கும்? 30 சதவீத உயர்வு என்று குதித்தோமே, வாடகையும் மற்றதும் போக மிஞ்சுவது பழைய சம்பளத்தில் 11 சதவீதம்தான் என்று இந்த ஷீட்தான் முகத்தில் அடித்த மாதிரி சொன்னது. ஒன்பது மாதம் என்று விடை வந்தது.

உண்மையில் 13 மாதம் ஆனது. நாலு மாதம் எங்கே போனது என்று லெட்ஜரைப் புரட்டினால், பெரிய செலவு எதுவும் இல்லை. திரைச்சீலைதான். பழைய வீட்டு ஜன்னல் உயரம் நாலடி, இங்கே ஐந்தேகால். கொண்டுவந்த ஏழு ஜோடியும் ஜன்னலுக்குப் பாவாடை கட்டிய மாதிரி தொங்கின. கம்பி பழையது நீளம் பற்றாது, கம்பிக்கு ஆணி அடிக்க ஆள். வாஷிங்மெஷின் குழாய் வேறு அளவு. பாய், மிதியடி, ஷூ ஸ்டாண்டு, ஒவ்வொன்றும் ஒன்றரை அங்குலம் இடித்தது. ஒரு வீட்டுச் சாமான் இன்னொரு வீட்டுக்குப் பொருந்தாது என்பதற்கு ஷீட்டில் ஒரு வரியும் இல்லை. மொத்தத்தில் எட்டு சதவீதம் 'சில்லறை' என்று நீங்களே சேர்த்துக்கொள்ளுங்கள்.

அதைவிடப் பெரிய ஓட்டை ரயில் டிக்கெட். முதல் ஐந்து மாதம் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை அம்மாவைப் பார்க்கப் போனேன். 'பணம்' ஷீட்டிலும் அம்மாவுக்கு வரி இல்லை.

'சாமான்' ஷீட் சும்மா ஒரு பட்டியல். எத்தனை பெட்டி என்று கேட்கும், சோபா லிஃப்டுக்குள் நுழையுமா என்று கேட்காது. எங்கள் சோபா நுழையவில்லை. சாமான் ஏற்றி வந்தவர்கள் மூன்றாம் மாடிக்குப் படியில் தூக்கிப்போகத் தனிக் கூலி கேட்டு அரை மணி நேரம் வாசலிலேயே போட்டு வைத்தார்கள். லிஃப்ட் கதவை அளந்து எழுத ஒரு கட்டம் போட இவர்களுக்கு என்ன கேடு?

சிவப்பு அடித்து வைத்த வரிக்கு வருகிறேன். குடிவந்த மூன்றாவது மாதம் மகள் பள்ளிக்கூட மாடிப்படியில் விழுந்து மணிக்கட்டை ஒடித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் ஒரு படிவம் கொடுத்தார்கள். அவசரத் தொடர்புக்கு இரண்டு பெயர் வேண்டும். முதலாவது வீட்டுக்காரர். இரண்டாவது கட்டத்துக்கு மேலே பேனா நின்றுவிட்டது. கவுன்ட்டரில் இருந்த பெண், "லோக்கல்ல யாராவது போடுங்க மேடம், போதும்" என்றாள். பின்னால் வரிசை நிற்கிறது. எனக்கு இந்த ஊரில் தினமும் 11 பேரோடு வேலை, ஒருவர் நம்பர்கூட மனப்பாடம் இல்லை. கடைசியில் ஏழு மணி நேரத் தூரத்தில் இருக்கிற என் பழைய சிநேகிதியின் நம்பரை எழுதிவிட்டு வந்தேன்.

டெம்ப்ளேட்டில் 'நட்பு வட்டம்' என்று ஒரு வரி, ஒன்றிலிருந்து ஐந்துக்குள் நம்பர். அதற்கு நம்பர் வேண்டுமானால் மணிக்கணக்கில் போடுங்கள். ஜெஃப்ரி ஹால் என்கிற பேராசிரியர் 2018ல் வெளியிட்ட ஆய்வு, புதிதாக ஊர் மாறியவர்களை வைத்தே செய்தது. தெரிந்தவர் சாதாரண நண்பராவதற்குச் சேர்ந்து கழிக்கும் நேரம் 50 மணி, நண்பர் என்று சொல்ல 90 மணி, நெருங்கிய நட்புக்கு 200 மணிக்கு மேல் என்பது அவர் கண்ட தோராயம். கூட வேலை பார்க்கிற நேரம் இதில் பெரிதாக ஏறாது, சும்மா சேர்ந்திருக்கிற நேரம்தான் கணக்காம். வாரத்துக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்குகிறவளுக்கு 200 மணி என்றால் 100 வாரம். ஏறக்குறைய இரண்டு வருடம். இதை ஷீட்டில் எழுதியிருந்தால் நான் கிளம்பும்போதே தயாராக இருந்திருப்பேன். மகளுக்கு அந்தப் பிரச்சினை இல்லை, கையில் கட்டோடு பள்ளிக்கூடம் போன வாரமே கட்டு முழுக்கக் கையெழுத்து வாங்கி வந்துவிட்டாள். தினமும் சாயங்காலம் அரட்டை அடிக்க நேரம் இருப்பவர்களுக்கு 200 மணி ஒரு பொருட்டா?

எனக்கு 14 மாதத்தில் தேறியது ஒருவர். எங்களுக்கு மேல் மாடியில் இருப்பவர், இரவு நடைக்குக் கூட வருகிறவர். தோராயமாக 70 மணி ஆகியிருக்கும். ஹால் கணக்குப்படி இன்னும் 20 மணி பாக்கி. ஆனால் போன மாதம் நீச்சல் வகுப்புப் படிவத்தில் அவர் நம்பரைத்தான் எழுதினேன், கேட்டுக்கொண்டுதான்.

திரும்பி வருவதற்கு டெம்ப்ளேட்டில் இடமே இல்லை என்பது இன்னொரு குறை. ஒரு பக்கம் போகிற ஒவ்வொரு கூட்டத்துக்கும் எதிர்ப்பக்கம் திரும்புகிற ஒரு கூட்டம் உண்டு என்று 1885லேயே, குடிபெயர்வை ஆராய்ந்த ராவென்ஸ்டைன் என்பவர் எழுதிவிட்டார். இவர்கள் என்னவோ எல்லாரும் போனால் போனதுதான் என்று நினைத்துக்கொண்டு ஷீட் போட்டிருக்கிறார்கள். நாங்கள் பழைய வீட்டை விற்காமல் வாடகைக்கு விட்டோம். அந்த ஒரு காரியம்தான் முதல் வருடத்தில் ராத்திரி தூங்கவைத்தது.

யார் வாங்கலாம்? பணக் கணக்கு போடத் தெரியாதவர்கள், அந்த ஒரு ஷீட்டுக்காகவே வாங்கலாம். வேலை வந்து, பதில் சொல்ல நாள் குறித்தவர்கள் வாங்கலாம், பச்சையையும் சிவப்பையும் மறைத்து வைத்துவிட்டு. போவது என்று ஏற்கெனவே மனசுக்குள் முடிவெடுத்தவர்களுக்கு வேண்டாம். அவர்கள் எந்த நம்பரைப் போட்டாலும் பச்சை வரும்வரை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். அந்த முதல் ராத்திரி நானும் அதைத்தான் செய்தேன் என்று இப்போது பழைய ஃபைலைப் பார்த்தால் சந்தேகமாக இருக்கிறது. க்ளைமேட்டுக்கு யாராவது ஐந்து போடுவார்களா?

பழைய ஃபைலைத் தோண்டி எடுத்ததற்குக் காரணம், போன வாரம் விற்பவரிடமிருந்து வந்த மெயில். புதிய பதிப்பு, மேம்படுத்தப்பட்டது, முன்பே வாங்கியவர்களுக்கு இலவசம். இறக்கித் திறந்தேன். 70 வரி. நடுவில் எட்டு வரி புதிதாக நுழைத்திருக்கிறார்கள்: இணைய வேகம், சைக்கிள் பாதை, செல்லப் பிராணி அனுமதி, இப்படி. வேறு எதையும் பார்க்காமல் நேராக அடிக்குப் போய் மொத்தத்தின் மேல் கிளிக் செய்தேன். 66 வரைக்கும் கூட்டியிருந்தது. 'பெற்றோர் அருகில்' இப்போது 67வது வரி.